கிராணி வீட்டு டியூப் லைட்டும் உங்கள் அம்மாவின் பாட்டும்

பிள்ளைகளா, டியூப் லைட் சட்டென்று பற்றிக்கொள்ளாமல் மினுங்கி மினுங்கி அடம்பிடிக்கும்போது நான் கத்துவதைப் பார்த்து நீங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரியும். "அப்பாவுக்கு லைட்டு மேல கோவம்லா" என்று சின்னவன் சொன்னதும் காதில் விழுந்தது. லைட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது என்ன செய்யும், பாவம், கண்ணாடிக் குழாய். நான் ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். எழுத்து எனக்கு லாரி எஞ்சினைவிடக் கனமான வேலை. இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் அம்மா இதை வாயைத் திறந்து சொல்லமாட்டாள். சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு ஆறாது. எழுதினாலும் ஆறும் என்று தோன்றவில்லை.

உங்களில் மூத்தவள் மட்டும்தான் அப்போது பிறந்திருந்தாள். கைக்குழந்தை. எழுபதுகளின் நடுவில் நாங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டை விட்டு ஈப்போ நகரத்தின் ஓரத்துக்கு வந்தோம். எனக்கு லாரிப் பட்டறையில் வேலை. உங்கள் அம்மாவுக்குப் பழையபடி ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டுதான், பால் எடுக்க மரத்தைக் கீறுகிற வேலை. விடியுமுன் தோட்டத்து லாரி வந்து முச்சந்தியில் நிற்கும், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவாள். பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும், இவள் மலைச்சரிவில் பால் வெட்டிக்கொண்டிருப்பாள்.

நாங்கள் குடியிருந்தது ஒரு பலகை வீட்டின் பின்பாதி. முன்பாதியில் வீட்டுக்காரர் இருந்தார். அவர் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிராணி என்றால் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத்தில் துரைக்கு அடுத்த துரை அவர்தான். என் அப்பா தம் கிராணியைப் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். இந்தக் கிராணி எங்கள் தோட்டத்துக்காரர்கூட இல்லை. நான் அவருக்குச் சம்பளக்காரனும் இல்லை, மாதம் தவறாமல் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவன். அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. வேலையிலிருந்துதான் அவர் ஓய்வு பெற்றார். கிராணித்தனத்திலிருந்து பெறவில்லை.

எங்களிடம் ஒரு ரேடியோ இருந்தது. நீங்கள் பார்த்ததில்லை. மரப்பெட்டி, உள்ளே கண்ணாடி வால்வுகள், சுவரில் பிளக்கைச் செருகிச் சூடேறிய பிறகுதான் பேசும். சீனன் கடையில் பழசாக வாங்கியது. முன்வீட்டு மீட்டரிலிருந்து கிராணி எங்களுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருந்தார். ஒரு குண்டு பல்பு, ஒரு ரேடியோ. அதற்கு மேல் கூடாது என்று உத்தரவு. சாயங்காலம் தமிழ் ஒலிபரப்பு வரும். உங்கள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே எல்லாப் பாட்டுக்கும் கூடப் பாடுவாள். தேவாலயத்திலும் அவள் குரல்தான் தனியாகத் தெரியும். தன் குரல் அப்படித் தெரியும் என்று அவளுக்கே தெரியாது, நான் சொன்னால் நம்பவும் மாட்டாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் பிள்ளையைக் கீழே விடுமுன்னே சொன்னாள்.

"ஏங்க, இன்னைக்கி எங்க தோட்டத்து ஹாலுக்கு ரேடியோக்காரங்க வந்திருந்தாங்க. பெரிய மிசினு, தட்டுத்தட்டா நாடா சுத்துது. சினிமாப் பாட்டு வேணாம், வேலக்காட்டுல நீங்களாப் பாடுற பாட்டு இருந்தா பாடுங்கன்னாங்க. எல்லாரும் என்னப் பிடிச்சுத் தள்ளிட்டாளுங்க."

"பாடுனியா?"

"பாடிட்டேன்லா!"

அவள் பாடியது அவளே கட்டிய பாட்டு. கைக்குழந்தையைக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போகிற பெண்ணுக்கு நேரம் ஏற ஏற மார்பு கனத்து ரவிக்கை நனைந்துபோகும். பால்மரத்தில் பால் மங்கில் வடியும். மங்கு என்பது மரத்தில் கட்டியிருக்கும் கிண்ணம். இவள் பால் யாருக்கும் ஆகாமல் வடியும். அதைத்தான் பாடியிருந்தாள்.

மரத்துப் பாலு மங்குல வடியுது
மாருப் பாலு மண்ணுல வடியுது

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பிள்ளைகளா. அந்தப் பால் உங்கள் அக்காவுடையது.

பாடி முடித்ததும் அவள் அந்த மிசின்காரரிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். "அண்ணே, ஒருவாட்டி திருப்பிப் போட்டுக் காட்டுங்கண்ணே. எங்கொரலு எப்பிடி இருக்குன்னு நான் கேட்டதே இல்ல." அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "நேரமில்லம்மா, ரேடியோவுல வரும், கேட்டுக்க" என்றாராம்.

இது உங்களுக்குப் புரியாது. உங்களுக்குக் கேசட் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் உங்கள் தும்மலைக்கூடத் திருப்பிக் கேட்கலாம். எங்கள் காலத்தில் தோட்டத்து மனுசன் பிறந்தது முதல் சாகும்வரை தன் குரலை வெளியிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டிருக்கமாட்டான். முகத்தைப் பார்க்கக் கண்ணாடி உண்டு. குரலைப் பார்க்க ஒன்றும் கிடையாது. ஊரே அவள் குரலைப் புகழ்ந்தது. அவளுக்கு மட்டும் அது எப்படிப்பட்டது என்று தெரியாது. ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் நிலையத்திலிருந்து ஒரு அட்டை வந்தது. இன்ன வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணி நிகழ்ச்சியில் உங்கள் பாடல் இடம்பெறும் என்று. அவள் அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அதே சமயத்தில்தான் கிராணி வீட்டில் டியூப் லைட் போட்டார். கூடத்தில் ஒன்று, சாமி மேடைக்கு மேல் ஒன்று, முன் வராந்தாவில் ஒன்று. எங்கள் வரிசையில் அவர் வீட்டில்தான் முதலில். சாயங்காலம் சுவிட்சைத் தட்டிவிட்டு, அது நாலைந்து முறை மினுங்கி வெள்ளையாக எரிந்ததும், கிராணி இரண்டு கையாலும் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எண்ணெய் விளக்கைக் கும்பிட்ட கை, லெட்ரிக் வந்தபின் அதையும் கும்பிடுகிறது. நல்ல பழக்கம்தான்.

ஆனால் அந்த விளக்கு எரிந்த கணம் எங்கள் ரேடியோ செத்தது.

கொர்ர்ர் என்று ஒரு இரைச்சல். தகரக் கூரையில் மழை கொட்டுவது போல. செய்தியும் இல்லை, பாட்டும் இல்லை. முள்ளைத் திருப்பிப் பார்த்தேன், பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், ஏரியல் வயரை மாமரத்தில் கட்டிப் பார்த்தேன். பகலில் சுத்தமாகக் கேட்கும். பொழுது சாய்ந்தால் கொர்ர்ர். விளக்கின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? விளக்கு வெளிச்சம் தருவது, ரேடியோ சத்தம் தருவது. இரண்டுக்கும் என்ன பகை?

பட்டறையில் கூட வேலைசெய்தவனிடம் சொன்னேன். அவன் ஒரே கேள்விதான் கேட்டான்.

"மச்சான், ரேடியோவுக்கு லைசன்ஸ் எடுத்தியா?"

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் லைசன்ஸ் எடுக்க வேண்டும். யார் எடுத்தார்கள்? நானும் எடுக்கவில்லை.

"அதான்! லைசன்ஸ் இல்லாத ரேடியோவ அவுங்க மேலேருந்து அடைக்கிறாங்க. பகல்ல ஆபீஸ் வேல இருக்கும், விட்டுருவாங்க. சாயந்தரமானா ஒக்காந்து ஒவ்வொண்ணா அடைப்பாங்க."

இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை, பயந்தேன். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கிராணியும் அதையேதான் சொன்னார். "சட்டப்படி நடந்தா ஏம்பா சத்தம் வருது?" என்று. வரிசையிலேயே படித்தவர் அவர்தான்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, சைக்கிளில் போஸ்ட் ஆபீஸுக்குப் போய், வரிசையில் நின்று லைசன்ஸ் எடுத்து வந்தேன். சாயங்காலம் உங்கள் அம்மா அந்தக் காகிதத்தை ரேடியோவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "இந்தா, நல்லாப் பாத்துக்க. எடுத்தாச்சு. இனிமே வாயத் தொறந்து பேசு" என்றாள். ரேடியோ கொர்ர்ர் என்றது. "படிக்கத் தெரியாது போலிருக்கு இதுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் நாங்கள் கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

உண்மையைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு சாயங்காலம் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. கிராணி வராந்தா லைட்டைப் போட்டார். அது பற்றாமல் மினுங்கியது. மினுங்குகிற போதெல்லாம் உள்ளே ரேடியோவில் டக், டக் என்றது. லைட் ஒரு கண் சிமிட்டு, ரேடியோ ஒரு டக். லைட் நின்று எரிந்ததும் கொர்ர்ர். அவள் வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"கெவர்மெண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல! இங்க பாருங்க, இந்தக் கொழாய்தான்!"

பின்னாளில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குண்டு பல்புக்குள் ஒரு கம்பி பழுத்து எரிகிறது, அது சத்தம் போடாது. டியூப்புக்குள் கம்பி கிடையாது, காற்றுப் போன்ற ஒன்றுதான் எரிகிறது. அது ஒரே சீராக எரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன மின்னல். இடி இடித்தால் ரேடியோவில் கரகரக்கிறதே, அதே கதைதான், ஓயாமல். அந்தச் சத்தம் காற்றிலும் வருகிறது, வயர் வழியாகவும் வருகிறது. எங்களுக்கும் முன்வீட்டுக்கும் ஒரே வயர். மலிவான சாமான் போட்டால் இன்னும் மோசம். கிராணி மலிவாகத்தான் போட்டிருப்பார்.

விஷயம் தெரிந்ததும் நான் அவரிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். இதை நன்றாகக் கவனியுங்கள். அன்றைக்குத் திடீரென்று போய் நிற்கவில்லை. அந்த வாரத் தொடக்கத்திலேயே போனேன்.

"ஐயா, ஒங்க லைட்டு எரிஞ்சா எங்க ரேடியோவுல சத்தம் வருது. வெள்ளிக்கிழம எங்க வீட்டுக்காரி பாடுனது ரேடியோவுல வருது. ஒரு பாட்டு நேரந்தான்."

அவர் பேப்பரை இறக்காமலே, "அதுக்கென்ன, அன்னைக்கி வந்து சொல்லு" என்றார்.

அந்த வார்த்தையை நம்பினோம். பீடோரில் அவளுடைய சின்னம்மா இருந்தார், அங்கே போயிருக்கலாம். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பேட்டரி டிரான்சிஸ்டர் இருந்தது, போய் உட்கார்ந்திருக்கலாம். கிராணி சரியென்று சொல்லிவிட்டாரே என்று சொந்த வீட்டில், சொந்த ரேடியோவில் கேட்கலாம் என்றிருந்தோம்.

வெள்ளிக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து குளித்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். ரேடியோ கேட்க எதற்குப் புடவை என்று கேட்டேன். "சும்மா இருங்க" என்றாள். ரேடியோவைச் சூடேற வைத்தோம். முன்வீட்டில் விளக்கு எரிந்தது. கொர்ர்ர். நானும் சட்டையை மாற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன்.

இங்கேதான் ஒரு சொல் குறுக்கே வந்தது. இந்த நாட்டில் நாம் லைட்டை "அடை" என்றுதான் சொல்கிறோம். கதவை அடை, குழாயை அடை, லைட்டை அடை. மலாய்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் சொல்வார்கள், நமக்கும் அது ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நான், படித்த மனிதர், உதவி கேட்டுப் போகிறோம், பட்டறைப் பேச்சுப் பேசக்கூடாது, பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல தமிழில் கேட்போம் என்று நினைத்தேன். மரியாதைக்காகத்தான்.

"ஐயா, இன்னைக்குத்தான் அந்த நிகழ்ச்சி. கொஞ்ச நேரம் விளக்கை அணைத்து வைக்கிறீங்களா?"

கிராணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன சொன்ன?"

"விளக்க..."

"வெள்ளிக்கிழம. வெளக்கு வைக்கிற நேரம். என் வாசல்ல நின்னுக்கிட்டு என் வீட்டு வெளக்க அணைன்னு சொல்ற. ஒங்க வேதத்துல இதத்தான் சொல்லிக்குடுக்குறாங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொழுது சாயும் நேரத்தில் விளக்கை அணை என்று இந்து வீடுகளில் வாயால் சொல்லமாட்டார்கள். வீடு விளங்காமல் போகட்டும் என்று சாபம் இடுவது மாதிரி. அதிலும் வேதக்காரன் வாயிலிருந்து.

"ஐயா, நான் லைட்டத்தான் சொன்னேன். அடைங்கன்னு சொல்ல வந்தது..."

"அடைக்கிறதாம், அணைக்கிறதாம்! காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல கைகட்டி நின்னவன் மகன், எனக்கு லைட்டு அடைக்கச் சொல்லித் தரான்."

"நீங்கதானய்யா அன்னைக்கி வந்து சொல்லுன்னீங்க?"

"வந்து சொல்லுன்னேன். செய்றேன்னு சொன்னேனா?"

இப்படிச் சொல்லிவிட்டு, கோயிலுக்குப் போக நேரமாகிறது என்று துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் குளிக்கப் போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். என் காது இரண்டும் கொதித்தன. அவருக்குச் சொல்தான் புண்பட்டது என்றால், நான் திருத்திச் சொன்னேனே. அப்போதே அடைத்திருக்கலாமே. சொல் இல்லை, பிள்ளைகளா. சொன்னவன் யார் என்பதுதான். அவருடைய சொந்த மருமகன் வந்து "மாமா, அணைங்க" என்றால் அணைத்திருப்பார்.

நான் பின்பக்கம் திரும்பி வந்து, முடியாதென்று சொல்லிவிட்டார் என்றேன். இரைச்சலோடு இரைச்சலாக நிகழ்ச்சி தொடங்கிவிட்டது போலிருந்தது. அப்போது நடுக்கதவைத் தட்டிக்கொண்டு கிராணியின் மனைவி வந்தார். அந்த அம்மா அதிகம் பேசாதவர்.

"பொண்ணே, ஒம் பாட்டு வந்துருச்சா?"

"தெரியலம்மா. ஒண்ணும் கேக்கல."

"சாமிகிட்ட காமாட்சி வெளக்க ஏத்திட்டேன். வீட்டுல வெளக்கு எரியுதுல்ல? அது போதும் சாமிக்கு. அந்தக் கொழாய் எரிஞ்சா என்ன, தூங்குனா என்ன? அவரு குளிச்சு வரதுக்குள்ள கேட்டுருங்க."

போய் மூன்று சுவிட்சையும் தட்டினார். எண்ணெய் விளக்கு எரிந்தது. அது யாருடைய ரேடியோவையும் தொந்தரவு செய்யவில்லை. எங்கள் வீட்டில் தீட்டிய கத்தியால் அறுத்தது போல இரைச்சல் நின்றது. ரேடியோவில் ஒரு ஆண்பிள்ளை பாடிக்கொண்டிருந்தான். சித்தியவான் பக்கத்துத் தோட்டக்காரனாம். நல்ல குரல்தான், ஆனால் முடிக்கவே மாட்டேன் என்கிறான்! எடுத்த அடியையே திரும்பத் திரும்ப எடுக்கிறான். குளியலறையில் கிராணி தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஒவ்வொரு சொம்பு விழும்போதும், ஐயா இன்னும் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்ளட்டும், நன்றாகத் தேய்த்துக் குளிக்கட்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

"முடிடா டேய்" என்று உங்கள் அம்மா ரேடியோவைப் பார்த்துச் சொன்னாள்.

முடித்தான். அறிவிப்பாளர் உங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பிறகு ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு அவள் குரல்.

"மரத்துப் பாலு மங்குல வடியுது..."

நான் ரேடியோவைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானா இது?" என்ற மாதிரி என்னைப் பார்த்தாள். கண் அகன்றுபோயிற்று. தலையைச் சாய்த்து, யாரோ வேற்று மனுசி பேசுவதைக் கவனிப்பது போல, காதைப் பெட்டியின் துணிக்கு அருகில் கொண்டுபோனாள்.

முன்வீட்டில், "எவ அணைச்சது?" என்று ஒரு சத்தம்.

டக். டக். டக். கொர்ர்ர்.

நான் எழுந்து ஓடினேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்த மெயின் சுவிட்ச் பக்கச் சந்தில் இருந்தது. அதை இழுத்துவிட்டால் மூன்று லைட்டும் ஒரே அடியாகப் போகும். கையை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"அத இழுக்காதீங்க! நம்ம ரேடியோவும் போயிரும்!"

ஆமாம். அவர் வெளிச்சமும் எங்கள் பாட்டும் ஒரே வயரில்தான் வந்தன. சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இழுத்தாலும் தோற்றேன், விட்டாலும் தோற்றேன். திரும்பி வந்தபோது அவள் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். இரைச்சலும் கூடத்தான் கூடியது. காதைத் துணியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒரு இழுவை ஏறி இறங்கியது. ராகமா, மிசினா, தெரியவில்லை. பிள்ளை அழுதது. அவள் தூக்கவில்லை, நான்தான் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் அந்த இழுவையும் நின்றது.

முன்வீட்டில் கிராணி தம் மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரே ஒரு வார்த்தை பதில் சொன்னது பலகைச் சுவர் வழியாகக் கேட்டது. "நான் அணைக்கல. சாமிக்கு முன்னால வெளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு."

"ரேடியோவ அடைங்க" என்றாள் உங்கள் அம்மா. அடைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "கேட்டோம், கேட்டோம்! நல்லாப் பாடுனீங்கக்கா!" பீடோரிலிருந்து சின்னம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தோட்டத்து லாரியில் கூட வரும் பெண்கள், அந்த ரெண்டாவது அடியில் தாங்கள் அழுதுவிட்டதாகச் சொன்னார்கள். பேராக் மாநிலம் முழுக்க யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எப்பிடி இருந்துச்சு எங்கொரலு?"

"சூப்பரா இருந்துச்சுலா!"

"அது சரிக்கா. எப்பிடி இருந்துச்சு? கனமா இருந்துச்சா, கீச்சுனு இருந்துச்சா? பேசும்போது இருக்க மாதிரியே இருந்துச்சா?"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. குரலை எப்படிச் சொல்வது? நல்லா இருந்தது என்றார்கள். அவளுக்கு வேண்டியது பாராட்டு இல்லை. ஊரெல்லாம் பார்த்த தன் முகத்தைத் தான் மட்டும் பார்க்காதவள் போல அவள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனாள். பக்கத்தில் நின்ற எனக்கு அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. அவளைப் பார்த்து அவமானம் இல்லை. பெண்டாட்டிக்கு ஒரு பாட்டு நேரத்தை வாங்கித் தர முடியாத புருசன் என்று.

நிலையத்துக்கு எழுதிப் போட்டேன். இன்னொரு முறை போட முடியுமா என்று. மரியாதையாகத்தான் பதில் வந்தது. அந்த நாடாவின் மேல் வேறு நிகழ்ச்சி பதிவாகிவிட்டதாம். எண்பதுகளில் நம் வீட்டுக்குக் கேசட் ரெக்கார்டர் வந்தபோது அந்தப் பாட்டைப் பாடச் சொன்னேன். "அன்னைக்கிப் பாடுனவள எங்கேருந்து கூட்டிட்டு வருவீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் கிராணியிடம் பேசவில்லை. வாடகையை அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் மாலை நாங்கள் இரண்டு பேரும் பாசாருக்குக் காய் வாங்கப் போய்த் திரும்பும்போது அவர் வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. ஒன்றுமே நடக்காத மாதிரி என் வீட்டுக்காரியைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, எங்க மாப்பிள்ள தஞ்சோங் மாலிம்ல ஒம் பாட்டக் கேட்டாராம். அந்தத் தோட்டம் ஈப்போ பக்கந்தானேன்னு விசாரிச்சாரு. எங்க வீட்டுல குடியிருக்கிற பொண்ணுதான் மாப்பிளன்னு சொன்னேன். எனக்கு ரொம்பப் பெருமையாப் போச்சு!"

பெருமையாம். அவருக்கு. என் கையில் இருந்த பையின் காது அறுந்துவிடும் போல இறுக்கிப் பிடித்தேன். வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன், நீங்கள் பிள்ளைகள். ஆனால் நான் வாயைத் திறக்குமுன் அவள் கேட்டாள், ரொம்ப மெதுவாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலோடு.

"எப்பிடி இருந்துச்சாம் ஐயா, எங்கொரலு? மாப்பிள்ள ஏதும் சொன்னாரா?"

கிராணி விழித்தார். "அதெல்லாம் யாரும்மா கேட்டா? பேரச் சொன்னாங்களாம். அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். வீட்டுக்குள் வந்து பையை இறக்கி வைத்தாள். காய்களை எடுத்து அடுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "வேற வீடு பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அந்த மாதமே மாறினோம். மலையடிவாரத்தில், பழைய தோட்டத்தைப் பிரித்து விற்ற நிலத்தில், ஒற்றையாக நின்ற ஒரு வீடு. அதற்கு லெட்ரிக் கிடையாது. வீட்டைக் காட்டியவர் அதைச் சொல்லத் தயங்கினார். நாங்கள் அதற்காகத்தான் எடுத்தோம்.

மூத்தவளே, நீ மண்ணெண்ணெய் விளக்கில் எழுத்துப் பழகியதை உன் தம்பி தங்கைகளிடம் பெரிய கஷ்டக் கதையாகச் சொல்கிறாய். அப்போ நாங்க அவ்ளோ ஏழைங்க என்கிறாய். இல்லை மகளே. அது ஏழ்மை இல்லை. அது கோபம்.